புலமைத் தொடர்புக்குச் சமூக ஊடகம்: நோக்கமுடைய பயன்பாடு குறித்துச் சில கருத்துகள்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் தமிழாசிரியர்களின் புலனக் குழு ஒன்றில் ஒரு குரற்பதிவு பகிரப்பட்டது. பேராக் மாநிலத்தில் இளமை முதல் பால்மரம் சீவிய மூதாட்டி ஒருவர் தம் பேரனிடம் பழைய தோட்ட வாழ்க்கையை விவரித்த பதிவு அது. விடியுமுன் பெரட்டுக்கு ஓடியது, தண்டல் நிரை பிரித்துக் கொடுத்தது, மங்குகளைத் துடைத்து வைத்தது, காண்டாக்கம்பின் இரு முனைகளிலும் வாளிகளைத் தொங்கவிட்டுப் பால் சுமந்தது, மறுநாள் ஒட்டுப்பால் எடுத்தது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். பதினொரு நிமிடப் பதிவு. சிறிது நேரத்தில் குழுவில் நாற்பதுக்கும் மேற்பட்ட கும்பிட்ட கைகளும் மலர்க்கொத்துகளும் குவிந்தன. நாமும் ஒரு கும்பிட்ட கையை அனுப்பிவிட்டு வேறு பணிக்குத் திரும்பினோம்.

இரண்டாண்டுகள் கழித்துத் தோட்டப்புறத் தமிழ்ச் சொற்களைத் தொகுக்கத் தொடங்கியபோது அப்பதிவைத் தேடினோம். குழுவில் இருந்த எவரிடமும் அது இல்லை. ஒருவர் கைப்பேசியை மாற்றியிருந்தார். ஒருவர் இடமில்லை என்று பழைய கோப்புகளை அழித்திருந்தார். பகிர்ந்த பேரனிடமே பதிவு இல்லை. அந்த மூதாட்டியோ அதற்குள் காலமாகிவிட்டார்.

இவ்விழப்புக்கு எவர் ஒருவரையும் குறை கூற இயலாது. நாற்பது ஆசிரியர்கள் ஒன்றாகக் கேட்டோம். நாற்பது பேரும் போற்றினோம். ஆயினும் காப்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மொழியியலைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அக்குற்றத்தில் பெரும்பங்கு உண்டு. சமூக ஊடகம் நம் கையில் இருந்தது. அதனை எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்னும் தெளிவுதான் இல்லை. அத்தெளிவை ஆசிரியர்களும் மாணவர்களும் எவ்வாறு பெறலாம் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடர்பால் வளர்ந்த புலமை

அறிஞர்கள் ஒருவரை ஒருவர் தேடித் தொடர்பு கொள்வது இணையத்தால் வந்த புது வழக்கமன்று. 1880ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், கும்பகோணத்திற்கு மாற்றலாகி வந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரை, அவ்வூர்க் கல்லூரியில் அவ்வாண்டுதான் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த உ.வே. சாமிநாதையர் சந்தித்தார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் எனத் தாம் பயின்ற நூல்களை ஐயர் அடுக்கியபோது, முதலியார் சீவக சிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் பற்றி வினவினார். அவ்வினாவே ஐயரின் வாழ்க்கைப் போக்கை மாற்றியது. 1887இல் சிந்தாமணி அச்சேறியது; பத்துப்பாட்டும், சிலப்பதிகாரமும், புறநானூறும், மணிமேகலையும் அடுத்தடுத்து வெளிவந்தன.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. முதலியார் ஐயரின் ஆசிரியருமல்லர், உடன் பயின்றவருமல்லர். அவர் நீதித்துறையினர், முன்பின் அறியாதவர். அதுபோலவே சிந்தாமணியின் சமயக் கருத்துகளில் ஐயருக்கு எழுந்த ஐயங்களைப் போக்கியவர்கள் கும்பகோணத்தில் வாழ்ந்த சைனர்கள். மடத்துப் புலமை வட்டத்துக்குள்ளேயே ஐயர் நின்றிருப்பாராயின் இவ்விரு வாயில்களும் அவருக்குத் திறந்திருக்க மாட்டா.

நம் மண்ணுக்கு உரிய சான்றும் உண்டு. தனிநாயகம் அடிகளார் 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கிப் பல நாட்டுத் தமிழறிஞர்களின் எழுத்துகளை ஒரே இடத்தில் சேர்த்தார். பின்னர் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையில் பணியாற்றினார். 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியதிலும், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதிலும் அவர் பங்கு தலையாயது. அக்காலத்தில் அவருக்குக் கிடைத்த கருவிகள் கடிதமும் இதழும் பயணமுமே. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் 1997இல் தமிழ் இணைய மாநாடு கூடியது. தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொன்றாய்க் கிடந்த காலத்தில் பல நாட்டுக் கணினி வல்லுநரையும் தமிழறிஞரையும் ஒன்றாக அமர்த்திப் பேச வைத்தது அம்மாநாடு. அத்தொடர்ச்சியில் 2000ஆம் ஆண்டில் உத்தமம் அமைப்பு உருவாயிற்று.

இவர்கள் அனைவரிடத்தும் பொதுவாக அமைந்தது நோக்கத் தெளிவு. யாரைத் தேடுகிறோம், எதற்காகத் தேடுகிறோம், கிடைத்ததை எங்கே சேர்த்து வைக்கப்போகிறோம் என்னும் மூன்றையும் அவர்கள் அறிந்திருந்தனர். இன்று கருவி கைக்குள் வந்துவிட்டது. அம்மூன்று வினாக்கள்தாம் கைநழுவிவிட்டன.

நெருங்கிய தொடர்பும் நெகிழ்ந்த தொடர்பும்

அமெரிக்கச் சமூகவியலறிஞர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று இப்பொருளில் அடிப்படையானது. பாஸ்டன் நகரின் புறநகர் ஒன்றில், தெரிந்தவர் வழியாகப் புதுப்பணி பெற்றவர்களிடம், அத்தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என அவர் வினவினார். அடிக்கடி சந்தித்தோம் என்றவர்கள் ஏறத்தாழ 17 விழுக்காட்டினரே. எப்போதாவது சந்தித்தோம் என்றவர்கள் 56 விழுக்காட்டினர். மிக அரிதாகவே சந்தித்தோம் என்றவர்கள் 28 விழுக்காட்டினர்.

இதற்கான காரணம் எளிது. நம் நெருங்கிய நண்பர்கள் நாம் அறிந்ததையே அறிந்திருப்பர். நாம் பழகுவோரிடமே பழகுவர். சற்று விலகி நிற்பவரோ நாம் நுழையாத வட்டங்களில் உலவுகிறார். ஆதலின் நாம் அறியாத செய்தி அவர் வழியே வருகிறது. முன்னதை நெருங்கிய தொடர்பு என்றும் பின்னதை நெகிழ்ந்த தொடர்பு என்றும் கூறலாம்.

இக்கருத்தை நம் அனுபவத்தில் கண்டோம். ‘பெரட்டு’ என்னும் சொல்லை நாம் நெடுங்காலம் மலாயாத் தமிழுக்கே உரியது எனக் கருதியிருந்தோம். விடியற்காலையில் தோட்டத் தொழிலாளர்களை ஒன்றுகூட்டிப் பெயர் பதிவு செய்து வேலை பிரித்துக் கொடுக்கும் நிகழ்ச்சியை அது குறிக்கும். ‘பரேடு’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. கட்டுரையிலும் அவ்வாறே எழுதி வைத்தோம். அச்சுக்கு அனுப்புமுன், முகநூலில் இத்தகைய சொற்கள் பன்னிரண்டைப் பொருளுடன் பட்டியலிட்டு, பிற நாடுகளில் இவை வழங்குகின்றனவா எனப் பொதுவில் வினவினோம். நம் நெருங்கிய நண்பர்கள் பட்டியலைப் பாராட்டினர். மூன்றாம் நாள், நமக்கு அறிமுகமே இல்லாத ஆசிரியை ஒருவர் இலங்கை மலையகத்திலிருந்து எழுதினார். தேயிலைத் தோட்டங்களிலும் பெரட்டு உண்டு என்றும், அது நடைபெறும் இடத்தைப் பெரட்டுக்களம் என்பார்கள் என்றும் தெரிவித்தார். லயம், கங்காணி ஆகியனவும் அங்கு வழங்குகின்றன என்றார். ஆனால் தாயர் வேலைக்குச் சென்றபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தை நம்மவர் ஆயாக்கொட்டகை என்க, அங்குள்ளோர் பிள்ளைமடுவம் என்பர் என்றும் குறிப்பிட்டார்.

இம்மறுமொழி நம் கட்டுரையின் ஒரு பிழையைக் களைந்ததோடு நில்லாமல் புதிய வினா ஒன்றையும் எழுப்பியது. தொழில் அமைப்போடு தொடர்புடைய சொற்கள் இரு நாடுகளிலும் ஒன்றாயிருக்க, அன்றாட வாழ்வோடு தொடர்புடைய சொற்கள் வேறுபடுவது ஏன்? காண்டாக்கம்பு மலாய் மொழியின் ‘கண்டார்’ என்னும் சொல்லோடு உறவுடையது. பினாங்கின் ‘நாசி கண்டார்’ உணவின் பெயரிலும் இச்சொல்லே உள்ளது. இத்தகைய சொல் நம் நாட்டில் மட்டும் வழங்குவது எதிர்பார்க்கத்தக்கதே. இரு நாட்டுக்கும் பொதுவான சொற்கள்தாம் ஒரே தோட்ட நிருவாக முறையின் வரலாற்றை உணர்த்துகின்றன. நாற்பது நெருங்கிய நண்பர்கள் தராத இவ்வொளியை அறிமுகமற்ற ஒருவர் தந்தார்.

ஆதலின் ஆசிரியர்களும் மாணவர்களும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் வினா இது: நம் சமூக ஊடகத் தொடர்பில் உள்ளவர்களுள் எத்தனை பேர் நம் பள்ளி, நம் ஊர், நம் நாடு, நம் துறை ஆகியவற்றுக்கு அப்பாற்பட்டவர்கள்?

ஓடும் ஊடகமும் தேங்கும் இடமும்

ஊடகங்களை அவற்றின் இயல்பறிந்து பயன்படுத்துதல் வேண்டும். ஆற்றுநீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஏரிநீர் தேங்கி நின்று வேண்டியபோது உதவும். புலனம், முகநூல், லிங்க்ட்இன் ஆகியவை ஆற்றைப் போன்றவை. ஆய்வுக் களஞ்சியங்களும் நூலகங்களும் ஏரியைப் போன்றவை. ஆற்றில் இட்டதை ஏரியில் தேடுவதே நாம் பெரும்பாலும் செய்யும் பிழை.

புலனம் விரைவுக்கு உரியது. கூட்டம் எப்போது, தேர்வுத்தாள் வந்ததா, நாளைய பட்டறைக்கு யார் வருகிறார்கள் என்பன போன்றவற்றுக்கு அதனினும் ஏற்ற கருவி இல்லை. ஆனால் குழுவுக்கு வெளியே இருப்பவர் அதனைத் தேடிப் படிக்க இயலாது. பின்னர்ச் சேர்பவர் முன்னர் நடந்த உரையாடலைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஆகவே நிலைத்த பயனுடைய எதனையும் அங்கே மட்டும் வைத்தல் ஆகாது.

முகநூல் நெகிழ்ந்த தொடர்புகளைத் தேடித் தரும். மேலே கூறிய பெரட்டு நிகழ்ச்சி அதற்குச் சான்று. லிங்க்ட்இன் 2003இல் தொழில்முறைத் தொடர்புக்கென்றே தொடங்கப்பட்டது. தமிழ் கற்பித்தல், மொழிபெயர்ப்பு, பதிப்புத்துறை, மொழித்தொழில்நுட்பம் ஆகிய துறைகளில் பணி தேடும் இளையோர் அங்கே தம் திறனை முறையாக அறிமுகம் செய்துகொள்ளலாம். தமிழ் பயின்றவர்க்கு அங்கென்ன வேலை என்று எண்ணுதல் வேண்டா. தமிழ்த் தரவுகளைச் செம்மைப்படுத்தத் தெரிந்தவரைத் தேடும் தொழில்நுட்ப நிறுவனத்தார் நம் இலக்கிய மன்ற அறிவிப்புப் பலகையைப் பார்ப்பதில்லை.

அகாடெமியா, ரிசர்ச்கேட் ஆகிய இரண்டும் 2008இல் தோன்றியவை. ஆய்வாளர் தம் கட்டுரைகளைப் பகிரவும் பிறர் ஆய்வைப் பின்தொடரவும் இவை உதவுகின்றன. ஆயினும் இவை தனியார் நிறுவனங்கள் என்பதை மறத்தலாகாது. அகாடெமியாவின் முகவரி கல்வி நிறுவனத்தின் முகவரிபோலத் தோன்றினும் அது பல்கலைக்கழகத்தைச் சார்ந்ததன்று. தனியார் தளத்தின் விதிகள் நாளை மாறலாம், தளமே மூடப்படலாம். ஆகவே அங்கே வைப்பதன் படியொன்று வேறிடத்திலும் இருத்தல் வேண்டும்.

தேங்கும் இடங்களுள் நம் மாணவர் அறிய வேண்டிய ஒன்று ஜெனோடோ. ஐரோப்பிய அணு ஆய்வு அமைப்பாகிய செர்ன் 2013 முதல் நடத்திவரும் இக்களஞ்சியத்தில் கட்டுரை, சொற்பட்டியல், ஒலிப்பதிவு ஆகியவற்றைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். ஒவ்வொரு கோப்புக்கும் மாறாத அடையாள எண் ஒன்று வழங்கப்படும். அவ்வெண்ணைக் குறிப்பிட்டு எவரும் எக்காலத்தும் மேற்கோள் காட்டலாம். பல்கலைக்கழக நூலகங்கள் நடத்தும் ஆய்வுக் களஞ்சியங்களும் இத்தகையனவே.

சுருங்கக் கூறின், பொருளை ஏரியில் சேர்த்து, அதன் முகவரியை ஆற்றில் விடுதல் வேண்டும். மூதாட்டியின் பதிவை அவரது இசைவுடன் ஒரு களஞ்சியத்தில் சேர்த்து, அதன் இணைப்பை மட்டும் குழுவில் பகிர்ந்திருந்தால், கைப்பேசிகள் மாறினாலும் அக்குரல் இன்றும் கேட்கும்.

பெயர் என்னும் முதற்சிக்கல்

தமிழர் புலமைத் தொடர்பில் வேறெவர்க்கும் இல்லாத அளவு இடர் விளைவிப்பது பெயர். இளங்கோவன் என்னும் பெயரை உரோமன் எழுத்தில் ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கி எழுதுவாரும் உளர்; ‘ஈ’ என்னும் எழுத்தில் தொடங்குவாரும் உளர். இடையில் உள்ள ககர ஒலிக்கு ஒருவர் ‘ஜி’ இடுவார். மற்றொருவர் ‘கே’ இடுவார். ழகரம் வந்தாலோ சொல்லவே வேண்டா. ஒருவரே ஓர் ஆண்டில் ஒருவகையாகவும் மறு ஆண்டில் வேறுவகையாகவும் எழுதிவிடுகிறார்.

இதனோடு தந்தை பெயரும் சேர்கிறது. மலேசிய ஆவணங்களில் ஆண்பாலார்க்கு ‘ஏ/எல்’ என்றும் பெண்பாலார்க்கு ‘ஏ/பி’ என்றும் இடையில் குறித்துத் தந்தை பெயரை இறுதியில் எழுதுவர். மலாய் மொழியில் முறையே மகன், மகள் எனப் பொருள்படும் தொடர்களின் சுருக்கங்கள் அவை. இறுதியில் வருவது குடும்பப் பெயர் என்று கொள்ளும் பன்னாட்டுத் தரவுத்தளங்கள், கட்டுரையைத் தந்தையின் பெயரிலேயே வரிசைப்படுத்திவிடுகின்றன. மகள் உழைத்து எழுதிய ஆய்வு, ஆய்வுலகை எட்டியும் பாராத தந்தையின் பெயரில் உலவுகிறது. நம் மாணவி ஒருவரின் நான்கு கட்டுரைகள் மூன்று வெவ்வேறு ஆசிரியர்களின் படைப்புகளாகத் தரவுத்தளத்தில் கிடந்ததை நாமே கண்டோம்.

இச்சிக்கலைத் தீர்க்க எழுந்ததே ஆர்க்கிட் அடையாள எண். 2012இல் நடைமுறைக்கு வந்த இது 16 இலக்கங்கள் கொண்டது. ஆய்வாளர் எவரும் கட்டணமின்றிப் பெறலாம். பெயரின் மாற்று வடிவங்களை எல்லாம் அதில் குறித்து வைக்கலாம். தமிழ் எழுத்தில் அமைந்த பெயரையும் சேர்க்கலாம். பெயர் எவ்வாறு எழுதப்படினும் எண் ஒன்றே ஆதலின், படைப்புகள் சிதறா. பட்டப்படிப்பில் முதல் கட்டுரை எழுதும்போதே இவ்வெண்ணைப் பெற்றுவிடுதல் நன்று. அத்துடன் உரோமன் எழுத்தில் தம் பெயரை எழுதும் முறை ஒன்றை முடிவு செய்து, எல்லாத் தளங்களிலும் அதனையே பின்பற்றுதல் வேண்டும்.

அறிமுகக் குறிப்பிலும் கவனம் தேவை. ‘தமிழ் ஆர்வலர்’, ‘மொழிப்பற்றாளர்’ என்பன நம்மைப் பிறரிடமிருந்து வேறுபடுத்தா. ‘தொடக்கப்பள்ளி ஆசிரியர், வீட்டில் தமிழ் பேசாத மாணவர்க்குக் கதைவழி பேச்சுத்தமிழ் கற்பித்தலில் ஈடுபட்டுள்ளார்’ என்று எழுதினால், அதே முயற்சியில் இருக்கும் மற்றொருவர் நம்மைத் தேடிக் கண்டடைவார்.

எழுதும் முறை

தேடத்தக்க எழுத்தில் எழுதுதல் முதல் நெறி. நம்மவர் பலர் அரிய இலக்கணக் குறிப்புகளையும் வண்ணப் படமாக்கிப் பகிர்கின்றனர். பார்ப்பதற்கு அழகாக இருக்கலாம். ஆனால் படத்துக்குள் அடைபட்ட எழுத்தைத் தேடுபொறி பெரும்பாலும் எட்டுவதில்லை. சொல்லைப் படியெடுத்து மேற்கோள் காட்டவும் இயலாது. ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டு முதல் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. அவ்வசதி கையிலிருக்க, படத்தை மட்டும் இடுவது நம் கருத்தை நாமே பூட்டி வைப்பதாகும். படம் வேண்டுமாயின் இடலாம். அதனோடு கருத்தை எழுத்திலும் இடுதல் வேண்டும்.

அறிமுகமில்லாத அறிஞர்க்கு எழுதுதல் மற்றொரு கலை. நமக்கு வரும் வேண்டுகோள்களுள் பல இவ்வாறு அமைகின்றன: ‘ஐயா, சங்க இலக்கியத்தில் பெண்கள் பற்றித் தகவல் வேண்டும். உடனே அனுப்பவும்.’ எழுதியவர் யார், எங்கே பயில்கிறார், எதுவரை படித்திருக்கிறார் என்பவை எவையும் இல்லை. விடையளிக்க விரும்பினாலும் எங்கிருந்து தொடங்குவது என்று விளங்குவதில்லை. அதற்கு மாறாக, கற்பனையாக ஒரு மடலைக் காட்டுவோம்:

‘மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் ஜொகூரில் ஆசிரியர் பயிற்சி பெறும் இறுதியாண்டு மாணவி. தோட்டப்புறத் தமிழில் மலாய்க் கடன்சொற்கள் குறித்து இடுபணி எழுதுகிறேன். மலாய்ச் சொல்லின் இறுதி ரகர ஒலி தமிழில் கெடுவதைத் தங்கள் கட்டுரையில் குறிப்பிட்டிருந்தீர்கள். நான் திரட்டிய சொற்களுள் ஆறு அவ்விதிக்கு உட்படவில்லை, பட்டியலை இணைத்துள்ளேன். இவை பிற்காலத்தில் வந்து சேர்ந்தவையாக இருக்கலாமா என்பதே என் ஐயம். ஓய்வு கிடைக்கும்போது தாங்கள் ஓரிரு வரி எழுதினால் நன்றியுடையேன்.’

இம்மடலில் எழுதுவோர் யார் என்பது உண்டு. பெறுவோரின் நூலைப் படித்த சான்று உண்டு. தாம் செய்த உழைப்பு உண்டு. விடை கூறத்தக்க ஒரே வினா உண்டு. பெறுவோரின் நேரத்தை மதிக்கும் பண்பும் உண்டு. இத்தகைய மடலைப் பெறும் அறிஞர்க்கு அது சுமையாகாது. அவர் ஆய்வுக்கே அது துணையாகும். விடை வாராவிடின் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்குமேல் வற்புறுத்தலாகாது. விடை வந்தால் நன்றி கூறுவதோடு, கட்டுரை முடிந்தபின் அதன் படியொன்றை அனுப்புதல் முறை. உதவியவர் பெயரைக் கட்டுரையிலும் குறித்தல் வேண்டும். மலையக ஆசிரியையின் இசைவு பெற்று அவர் பெயரை நம் கட்டுரையில் நன்றியுடன் சேர்த்தோம். பட்டமில்லாதவர் கூறியதாயினும் சான்று சான்றே.

பெறுவதோடு கொடுக்கவும் வேண்டும். ஆய்வரங்கு அறிவிப்பைத் தக்கவர்க்கு அனுப்புதல், பிறர் கட்டுரையைப் படித்து இரண்டு வரியேனும் பொருளுடன் கருத்துரைத்தல், தம் பாடத்திட்டக் குறிப்பைப் பகிர்தல் ஆகிய யாவும் கொடையே. ‘அருமை’ என்னும் ஒரு சொல் கொடையாகாது. எது அருமை, ஏன் அருமை என்று சொன்னால்தான் எழுதியவர் பயன் பெறுவார்.

எச்சரிக்கைகள் நான்கு

முதலாவது, காப்புரிமை. ஆய்விதழில் வெளிவந்த கட்டுரையின் உரிமை பல வேளைகளில் பதிப்பகத்தாரிடம் சென்றுவிடுகிறது. 2013இல் பெரும் பதிப்பகம் ஒன்று, அகாடெமியாவில் ஆய்வாளர்கள் தாமே ஏற்றியிருந்த கட்டுரைகளை நீக்கும்படி அறிவிப்பு அனுப்பியதுண்டு. அச்சிட்ட வடிவத்தைப் பகிர இசைவில்லாத போதும், ஆசிரியர் தம் கைப்படியைப் பகிரப் பல இதழ்கள் இடமளிக்கின்றன. ஒப்பந்தத்தைப் படித்த பின்னரே பதிவேற்றுதல் வேண்டும். பிறர் நூல்களை முழுமையாக வருடிக் குழுக்களில் சுற்றுக்கு விடுதல் தமிழ்த்தொண்டு ஆகாது. நம் நாட்டு எழுத்தாளர்கள் பலர் சொந்தப் பணத்தில் நூல் அச்சிடுகின்றனர் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மாணவர் நலம். வகுப்பறைப் புதுமையைப் பகிரும் ஆர்வத்தில் மாணவர் முகத்தையும் பெயரையும் மதிப்பெண்ணையும் வெளியிடுவோர் உளர். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென மலேசியாவில் 2010இலும் சிங்கப்பூரில் 2012இலும் சட்டங்கள் இயற்றப்பட்டுள்ளன. சட்டம் எந்த அளவு பொருந்தும் என்பதைவிட, பத்து வயதில் ஒரு குழந்தை எழுதிய பிழையான வாக்கியம் இருபது வயதிலும் அதனைத் தொடர வேண்டுமா என்று எண்ணிப் பார்த்தல் ஆசிரியர் கடமை. முதியவர்களின் குரலைப் பதிவு செய்யும்போதும் எங்கே வெளியிடப்படும் என்பதை அவர்களுக்கு விளங்கும் மொழியில் கூறி இசைவு பெறுதல் வேண்டும்.

மூன்றாவது, பொய்ச்செய்தி. திருநள்ளாற்றுக்கு மேலே செல்லும் செயற்கைக்கோள்கள் சில நொடி செயலிழப்பதாக நாசா கண்டறிந்தது என்னும் செய்தி பல்லாண்டாகச் சுற்றி வருகிறது. நாசா அவ்வாறு ஒன்றும் கூறவில்லை. பாரதி எழுதாத வரிகள் பாரதி பெயரில் வருகின்றன. உலகமொழிகளின் சொற்களுக்கெல்லாம் ஒலி ஒப்புமை ஒன்றையே கொண்டு தமிழ்வேர் காட்டுவோரும் உளர். படித்தவர்கள் என்று சமூகம் நம்பும் ஆசிரியர்களே இவற்றைப் பகிரும்போது பொய்க்கு ஆசிரியரின் மதிப்பு சேர்ந்துவிடுகிறது. மூலம் தெரியாத செய்தியை நிறுத்தி வைத்தலும் புலமைப் பணியே.

நான்காவது, காலம். தொடர்பு ஆய்வுக்குத் துணை, ஆய்வுக்கு மாற்றன்று. எத்தனை பேர் விரும்பினர் என்று மணிக்கொருமுறை பார்ப்பவர்க்கு எழுத நேரம் இராது. கருத்து வேறுபாடு சொற்போராக மாறும் வேளையில் ஒரு மறுமொழியோடு நிறுத்திக்கொள்ளுதல் நலம். எஞ்சியதைக் கட்டுரையாக எழுதினால் அது நிலைக்கும்.

ஒரு பருவத்துக்கான செயல்திட்டம்

இக்கருத்துகளை நடைமுறைப்படுத்த விரும்புவோர்க்கு, பள்ளிப் பருவம் ஒன்றுக்குப் பொருந்தும் எளிய திட்டத்தைக் கூறுவோம். முதல் வாரத்தில் நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுக. ‘தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் பிறநாட்டு ஆசிரியர் ஐவரை அறிதல்’ என்பது நோக்கம். ‘தமிழை வளர்த்தல்’ என்பது நோக்கமாகாது, அது விருப்பம். இரண்டாம் வாரத்தில் அடையாள எண்ணும் அறிமுகக் குறிப்பும் அமைத்துக்கொள்க. மூன்றாம் வாரம் முதல் கிழமைக்கு இருமுறை, முறைக்கு அரைமணி நேரம் மட்டும் ஒதுக்குக. ஒருமுறை பிறர் எழுதியதைப் படித்துக் கருத்துரைக்க. மறுமுறை தம் பணியிலிருந்து ஒரு சிறு செய்தியையோ வினாவையோ எழுதுக. மாதம் ஒருமுறை அறிமுகமற்ற ஒருவர்க்கு மேற்காட்டிய முறையில் மடல் எழுதுக. பருவ முடிவில், குழுக்களில் சிதறிக் கிடப்பவற்றுள் காக்கத்தக்கவற்றை எடுத்துக் களஞ்சியத்திலோ நூலகத்திலோ சேர்க்க.

பின்பற்றுவோர் எத்தனை பேர் கூடினர் என்பதைக் கொண்டு பயனை அளத்தல் வேண்டா. புதிதாக எதனை அறிந்தோம், நம்முடைய எந்தப் பிழை திருந்தியது, யாருக்கு உதவினோம், எது காக்கப்பட்டது என்னும் நான்கு வினாக்களே உரிய அளவுகோல்கள்.

முடிவுரை

மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பயிலும் பிள்ளைகள் பலரின் பாட்டனும் பாட்டியும் தோட்டத்தில் பிறந்தவர்கள். சிங்கப்பூரிலும் பழைய கம்பத்துத் தமிழையும் துறைமுகத் தொழிலாளர் தமிழையும் அறிந்த முதியோர் இன்னும் உளர். அவர்களிடம் உள்ள சொற்கள் எந்த அகராதியிலும் முழுமையாக ஏறவில்லை. ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு முதியவரையேனும் பதிவு செய்து, முறையாகச் சேர்த்து வைத்து, அதனைப் பிறநாட்டு அறிஞரிடம் கொண்டு சேர்த்தால், நாம் இழந்ததைப் போன்ற பதினொரு நிமிடங்கள் பலவற்றைக் காக்கலாம்.

அந்தப் பேரனை அண்மையில் மீண்டும் சந்தித்தோம். இப்போது அவரும் ஆசிரியர். பாட்டியின் குரல் போய்விட்டது என்று வருந்தினார். பாட்டியின் தங்கை ஈப்போவில் இருக்கிறார் என்றும் கூறினார். அவரும் பால்மரம் சீவியவர். வயது எண்பத்து நான்கு. வரும் பள்ளி விடுமுறையில் இருவரும் சென்று பார்ப்பதாக முடிவு செய்துள்ளோம். பதிவுக் கருவியும் இசைவுக் கடிதமும் எடுத்துச் செல்கிறோம். பதிவை எந்தக் களஞ்சியத்தில் சேர்ப்பது என்பதையும் இம்முறை முன்னரே முடிவு செய்துவிட்டோம்.